உயிரோடு இருப்பவளுக்கு வாய்க்கட்டு

குறட்டை விடுகிறாள் என்பதற்காக ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்காதீர்கள். என்னை அனுப்பப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரிலிருந்து எளாவூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். கல்கத்தா ரோட்டில் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் கணவருக்கு லாரி டயர் பஞ்சர் ஒட்டும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. லாரிகள் இரவு பகல் பாராமல் கியரை மாற்றி மாற்றி உறுமிக்கொண்டு போகும். அந்த இரைச்சலில் மாமியார், கணவர், அவருடைய அக்கா மூவரும் வருஷக்கணக்காக நிம்மதியாகத் தூங்கியவர்கள். நான் போய்ப் படுத்த பிறகுதான் அவர்களுக்குத் தூக்கம் கெட்டதாம்.

வெறும் குறட்டை என்றால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடுமாம். மூச்சும் கூடவே நின்றுவிடுமாம். பார்க்கிறவர்கள் பயந்து எழுந்து உட்காரும் நேரத்தில், குளத்தில் முங்கினவள் தலையைத் தூக்குகிற மாதிரி ஒரு பெரிய இழுப்பு இழுத்து மறுபடியும் ஆரம்பிப்பேனாம். தூங்குகிறவளுக்கு என்ன தெரியும், அவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்லமுடியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் தலை பாறாங்கல்லாகக் கனப்பதும், வாய் வறண்டு கிடப்பதும்தான். நாஷ்டாவுக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போவேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். தூங்குமூஞ்சி என்ற பட்டம் என் பெயரை விடச் சீக்கிரமாகத் தெருவில் பரவியது.

எனக்குத் தாடை சின்னது, உள்ளே வாங்கினது. பக்கத்திலிருந்து பார்த்தால் உதடு முடிந்ததும் கழுத்து ஆரம்பித்துவிடும். அது என் அப்பாவின் தாடை. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். திருவள்ளூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எடை போடுகிறவர். அவர் மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால் குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேட்கும். "உழைக்கிற உடம்பு, அசந்து தூங்குது" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். ஆண் விட்டால் உழைத்த களைப்பு, அதே தாடையை வைத்துக்கொண்டு பெண் விட்டால் பேய். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பேய் என்று தீர்ப்புச் சொன்னவர் மாமியார். "அமுக்குப் பேய்டா அது. மார் மேல ஏறிக் குந்திக்கினு தொண்டையப் புடிக்குது. கூடவே பொறந்த ஊட்லேர்ந்து இட்டுக்கினு வந்துகிறா" என்று மகனிடம் சொன்னார். பேய்க்கு இரும்பு ஆகாதே, அதனால் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் அரிவாளோ சாவியோ வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கைக்குக் கிடைத்தது டயர் நெம்பும் லீவர். முழங்கை நீளத்துக்கு இரண்டு லீவரைக் கடையிலிருந்து எடுத்துவந்து என் தலையணைக்கு அடியில் சொருகினார். இரும்பு தலையில் குத்துகிறது என்று நான் முனகியதும், பாவம் பார்த்து மேலே இன்னொரு இலவம்பஞ்சுத் தலையணையைப் போட்டார். இப்போது என் தலை உயரத்தில் இருந்தது, முகவாய் நெஞ்சில் இடித்தது. சத்தம் இரண்டு மடங்கானது. பேய் கோபமாக இருக்கிறது என்றார் மாமியார்.

சரி, ஒருக்களித்துப் படுக்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு பக்கம் திரும்பினால் புருஷனுக்கு முதுகு காட்டுகிறவள். மறுபக்கம் சுவருக்கும் எனக்கும் நடுவில் நாத்தனார், அவருக்கு முதுகைக் காட்டினால் அவருக்குக் கோபம். குப்புறப் படுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. மிச்சம் இருந்தது மல்லாந்து படுப்பது ஒன்றுதான். மகராசி மாதிரி மல்லாந்து படுத்து, இரண்டு தலையணையும் இரண்டு லீவரும் வைத்துக்கொண்டு, மூச்சு முட்டிக் கிடந்தேன்.

அமாவாசைக்குத் திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று ஊரே வரும். என் ஊர்க் குளத்துக்கே என்னை இட்டுக்கொண்டு போனார்கள். வெல்லம் கரைத்தாயிற்று. கோயில் வரிசையில் நிற்கும்போது தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். மாமியார் இடுப்பில் கிள்ளி, "பெருமாள் சன்னிதில கூடவா தூங்குவே?" என்றார். "பெருமாளே படுத்துக்கினுதானே கீறாரு அத்தே" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீடு திரும்பும் வரைக்கும் அவர் என்னிடம் பேசவில்லை.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரைவிட மூத்தவர், புருஷன் ஆந்திராப் பக்கம் போனவன் திரும்பி வராததால் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டவர். வாய் சுத்தியல். என்னைக் கண்டாலே ஆகாது. மத்தியானத்தில் சமையல் முடித்துக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுப்போம். ஒருநாள் என் சத்தம் தாங்காமல், எழுந்து உட்கார்ந்து, "வாய மூடுடி!" என்று என் முகவாயில் உள்ளங்கையை வைத்து மேலே ஒரு தள்ளுத் தள்ளியிருக்கிறார். பல் மேல் பல் உட்கார்ந்தது, தலை பின்னால் சாய்ந்தது, கழுத்து நிமிர்ந்தது. சத்தம் நின்றது. ஐயோ, மூச்சும் நின்றுவிட்டதோ என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாராம். மூச்சு சுகமாகப் போய்வந்துகொண்டிருந்தது. கையை எடுத்தால் தாடை தொங்கிச் சத்தம். வைத்தால் அமைதி. எடுத்தும் வைத்தும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் எழுந்ததும், "பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒன் மோவாதான் உள்ள வுழுவுது. தூக்கிப் புடிச்சா நின்னுபூடுது" என்றார். அன்பால் சொல்லவில்லை, அவருக்குத் தூங்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் என்னைப் பற்றி யாரோ முதல் தடவையாகக் கண்ணால் பார்த்துச் சொன்ன சேதி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பல வருஷம் கழித்து மதராஸில் ஒரு டாக்டர் இதையே விளக்கினார். நாக்கு கீழ்த் தாடையோடு சேர்ந்தது, மல்லாந்து தூங்கும்போது தாடை பின்னால் சரிந்தால் நாக்கும் சரிந்து தொண்டையை அடைக்கும், கழுத்தை முன்னால் மடக்கினால் வழி இன்னும் குறுகும், ஒருக்களித்துக் கழுத்தை நிமிர்த்திப் படுத்தால் பலருக்குக் குறையும் என்றார். துணி கட்டுவது மட்டும் எல்லாருக்கும் போதாது, மூக்கடைப்பு இருந்தால் கட்டவே கூடாது என்றும் எச்சரித்தார். அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு எளாவூரில் எனக்கு அப்படி ஒரு டாக்டர் கிடைக்கவில்லை, நாத்தனாரின் உள்ளங்கைதான் கிடைத்தது.

கையை எத்தனை நேரம் வைத்திருப்பார்? பழைய நூல் புடவையில் ஒரு பட்டை கிழித்தேன். முகவாய்க்கு அடியில் கொடுத்து, இரண்டு காதுக்கும் முன்னால் ஏற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். வெள்ளைப் புடவை, அதுதான் கைக்குக் கிடைத்தது. தலையணைகளையும் லீவர்களையும் எடுத்து மூலையில் போட்டேன். மத்தியானம், மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். தூக்கத்தில் எப்போது மல்லாந்தேனோ தெரியாது. நன்றாகத் தூங்கினேன்.

எழுந்தது ஒப்பாரிச் சத்தத்தில்.

நடந்தது இதுதான். மாமியார் சந்தைப் பையோடு உள்ளே வந்திருக்கிறார். நான் வெள்ளைத் துணியில் வாய்க்கட்டுக் கட்டி, உச்சியில் முடிச்சோடு, மல்லாந்து கிடக்கிறேன். பிணத்துக்குத்தானே அப்படிக் கட்டுவார்கள்? அதுகூடப் பெரிதில்லை. வீட்டில் சத்தம் இல்லை. நான் சத்தமில்லாமல் தூங்கி அவர் பார்த்ததே கிடையாது. பையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாராம். "பேயி கொண்டுபூட்ச்சே, என் மருமவளக் கொண்டுபூட்ச்சே!" என்று அவர் அழுதது பொய் அழுகை இல்லை, அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்வேன். லாரிக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு வாசலில் நின்றார்கள். நாத்தனார் கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்ததால் அவருக்குக் காதில் விழவில்லை. என் கணவர் காற்றடித்துக்கொண்டிருந்த டயரை அப்படியே விட்டுவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து உட்கார்ந்து, "இன்னா ஆச்சு?" என்றேன். வாய் கட்டியிருந்ததால் அது 'ம்ம்ம்' என்றுதான் வந்தது.

கூட்டம் சிதறி ஓடியது. ஒரு டிரைவர் ரோட்டைத் தாண்டி ஓடி எதிர்ப் பள்ளத்தில் விழுந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் போனதும் ஆத்திரம் வந்தது. உயிரோடு இருக்கிறவள், அதுவும் தாலி கட்டிக்கொண்டவள், பிணக்கட்டுக் கட்டிப் படுத்தால் இந்த வீடு விளங்குமா என்று கேட்டார். இனிமேல் அந்தத் துணி என் முகத்தில் ஏறினால் நான் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். துணியைக் கழற்றினால் மூச்சு நிற்கும். கட்டினால் வாழ்க்கை நிற்கும். இதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள்.

இதற்குள் இன்னொரு காரியம் நடந்துவிட்டது. திருவள்ளூர்ப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போன ஒரு புண்ணியவான், நான் கண் விழிப்பதற்கு முன்பே கிளம்பிப்போய், மில்லில் விசாரித்து, நைனாவிடம் நான் செத்துப்போனதாகச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் நைனா வந்து இறங்கினார். அம்மா நடக்கவே தெம்பில்லாமல் வீட்டிலேயே விழுந்து கிடந்தாளாம். அவர் கையில் கோடிப் புடவை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்துகிற புதுப் புடவை. நான் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். அவரை அப்படி அழவைத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

மாமியார் வெளியே வந்து துணிக் கதையைச் சொல்லிவிட்டு, "வந்தது வந்துட்டீங்க சம்பந்தி. ஒங்க பொண்ண இட்டுக்கினு போங்க. எங்களால ஆவாது" என்றார்.

நைனா எழுந்து கையைக் கூப்பினார். என்னிடம், "அந்தத் துணியக் கட்டலன்னு சொல்லிடும்மா. பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்றார்.

"கேக்க மாட்டேன் நைனா. துணியையும் அவுக்க மாட்டேன், ஊட்டையும் உட்டுப் போவ மாட்டேன்" என்றேன். உள்ளே போய் அந்தக் கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். நல்ல அரக்குப் புடவை, எனக்கு எடுத்ததுதானே, எதற்கு வீணாக்க வேண்டும்? மாமியார் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"என்னப் பத்தி எல்லாரும் பேசிக்கினே கீறீங்களே, இப்ப எல்லாருமா குந்திப் பாருங்க" என்றேன். "மொதல்ல நீங்க சொன்ன மாதிரி படுக்கறேன். அப்பறம் நான் சொல்ற மாதிரி படுக்கறேன். பேயி எதுல வருதுன்னு நீங்களே சொல்லுங்க."

பட்டப்பகலில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க, ஒரு மனுஷி தூங்க முடியுமா என்று நீங்கள் நினைக்கலாம். மற்றவர்களால் முடியாது. நான் தூங்குமூஞ்சி ஆயிற்றே. இவர்கள் வைத்த பெயர்தானே, அதை வைத்தே இவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு தலையணையையும் லீவரையும் போட்டு மல்லாந்து படுத்தேன். படுத்ததுதான் தெரியும்.

யாரோ உலுக்கி எழுப்பினார்கள். நைனாதான். "மூச்சு நின்னுபோச்சும்மா. நான் பாத்தேன். ரொம்ப நேரம் வரல" என்றார். மாமியார் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அத்தனை மாசமும் அவர் இருட்டில் சத்தமாகக் கேட்டிருந்தாரே ஒழிய, வெளிச்சத்தில் என் முகம் கருத்துப்போவதைப் பார்த்ததில்லை.

நான் தலையணைகளைத் தள்ளினேன். ஒரு போர்வையை மெல்லிசாக மடித்துக் கழுத்துக்குக் கொடுத்தேன். துணியைக் கட்டி ஒருக்களித்தேன். மறுபடி தூங்கினேன். இந்தத் தடவை யாரும் எழுப்பவில்லை. நானாக விழித்தபோது வெயில் கூடத்தைத் தாண்டிப் போயிருந்தது. நாத்தனார் என் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அதிகம் பேசாதவர். அவரைப் பார்த்து, "ட்யூபு மடங்கிக்கினா காத்து ஏறுமாங்க?" என்று கேட்டேன்.

"ஏறாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் அம்மாவிடம், "அவ்ளோதாம்மா விசயம். அவ இங்கதான் இருப்பா" என்றார்.

மாமியார் லீவர்களை எடுத்து மூலையில் போட்டார். பிறகு, "கட்டறதுதான் கட்டறே, வெள்ளத் துணில கட்டாத. முடிச்ச உச்சில போடாத, காதாண்ட போடு. பாக்கறதுக்குப் பகீர்னுது" என்றார்.

"கலர்த் துணில கட்டறேன் அத்தே. முடிச்சு உச்சிலதான். காதாண்ட போட்டா நழுவும்" என்றேன். அவர் முணுமுணுத்தார். ஆனால் சாயங்காலம் தன் பச்சைப் புடவையின் ஓரத்தைக் கிழித்து, என் பக்கம் பார்க்காமலே என் பாயின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

நைனாவை வழியனுப்ப ரோட்டுக்குப் போனேன். அம்மா அங்கே அழுதுகொண்டிருப்பாள், நான் உயிரோடு இருக்கும் சேதியை அவர் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். காலையிலேயே ஒரு லாரிக்காரரிடம் சேதி சொல்லி அனுப்பியிருந்தோம். ஆனாலும் லாரிக்காரர் சேதியை இனி அந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

போகும்போது கேட்டேன். "நைனா, ஒங்களுக்கும் எனக்கும் ஒரே மோவா. நீங்களும் ஒரு துணியக் கட்டிக்கினு படுங்களேன்."

"போம்மா. ஆம்பள வாயக் கட்டிக்கினு படுத்தா தெரு சிரிக்கும். எனக்கு இன்னா, நல்லாத்தானே தூங்கறேன்" என்றார்.

பஸ் நிற்கும் இடத்தில், புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். இரவெல்லாம் அழுதிருப்பார். உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொருகியது. தலை முன்னால் கவிழ்ந்து முகவாய் நெஞ்சில் பதிந்தது. குறட்டை ஆரம்பித்தது. ஏறியது. சட்டென்று நின்றது.

நின்றது நின்றதுதான். அவர் மார் மேலே எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது. உதடு நிறம் மாறுகிறது. பிறந்ததிலிருந்து அந்தக் குறட்டையைக் கேட்டவள் நான். உழைத்த களைப்பு என்று அம்மா சொன்னதை நம்பிக்கொண்டு அதன் பக்கத்திலேயே கோலி விளையாடியிருக்கிறேன். நிற்கும் இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

என் உள்ளங்கையை அவர் முகவாய்க்கு அடியில் வைத்துத் தலையை நிமிர்த்திப் பின்னால் மரத்தில் சாய்த்தேன். ஒரு பெரிய மூச்சு உள்ளே போயிற்று. பிறகு சின்னச் சின்ன மூச்சுகள். முகம் தெளிந்தது. அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில், ஓர் ஆம்பளையின் முகவாயை ஏந்திக்கொண்டு ஒரு பெண் நின்றால் என்ன ஆகும்? லாரிகள் வேகத்தைக் குறைத்தன. செக்போஸ்டில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். "இன்னாமே, கிழவருக்கு இன்னா ஆச்சு?" என்று இன்னொருவன் கத்தினான்.

"தூங்கறாரு. நீ உன் வண்டியப் பாத்துக்கினு போ" என்றேன்.

பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி எங்களைப் பார்த்து, ஏறப்போகிறோமா என்று கேட்டார். நைனாவை எழுப்பட்டுமா என்று அவரே கையை நீட்டினார். அம்மா காத்திருப்பாள்தான், ஆனால் அவர் இப்போதுதான் ஒழுங்காகத் தூங்குகிறார், அடுத்த பஸ் வரட்டும் என்று நான் வேண்டாமெனத் தலையை ஆட்டினேன். பஸ் போயிற்று. எனக்குக் கை வலித்தது, கையை மாற்றிக்கொண்டேன்.